அடைக்காமல் விட்ட காது

ராத்திரி பதினொண்ணரை இருக்கும். மூடிப்போன நூல் மில்லு ஒண்ணு... அதோட காம்பவுண்டு சுவரை ஒட்டியே ரோடு போகுது. இந்தப் பக்கம் சுவரு. அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம். ஆளு கிடையாது, நாய்கூடக் கிடையாது. சண்டை வரப்போகுதுன்னு தெருவிளக்கை எல்லாம் அணைச்சு வெச்சிருக்காங்க. அந்த இருட்டுல ஒரு மனுஷன் மொபெட்டுல வர்றாரு. ஹேண்டில்ல ஒரு சாப்பாட்டுப் பை தொங்குது.

வண்டி நின்னுடுச்சு.

வண்டி நின்னா முதல்ல என்ன கேக்கும்? சூட்டுல எஞ்சின் டிக்... டிக்னு சொல்லும். அது கேட்டுச்சு. அதுவும் அடங்கிருச்சு. அடங்கின அப்புறம் இன்னொரு சத்தம்... பைக்குள்ள இருந்து. ஒருத்தர் வாயைப் பொத்திட்டோம், அவரு பொத்தின கைக்குள்ளயே விடாம பேசுறாருன்னு வெச்சுக்கோங்க. ம்ம்... ம்ம்ம்... ம்ம். அந்த மாதிரி.

சர்க்கரை, தள்ளி உக்காருப்பா. கதையே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள என் மடியில ஏறுறே. பேக்கிங் அக்கா, அந்த மாவு மேல ஈரத் துணியைச் சரியாப் போடுங்க. கரண்ட் வந்தா கதை அவ்வளவுதான், அவங்கவங்க மெஷினுக்கு ஓடிரணும்.

இது எனக்கு நடந்தது இல்ல. பழைய பேக்கரியில என்கூட மாவு பிசைஞ்சவன் ஒருத்தன் இருந்தான். தொண்டை அப்படி, அதனால அவன் பேரே சங்கு. அவனோட சித்தப்பாவுக்கு நடந்தது. சங்கு பத்து சொன்னா எட்டு பொய்யி. ஆனா இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். நான் அதுக்காகவே நம்பினேன்.

சித்தப்பாவுக்கு மியூசியத்துல வேலை. அச்சு எடுக்கிறவரு. அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள நாம பாக்குற சாமான்ல பாதி நிஜம் இல்லையாம், தெரியுமா? நிஜத்தை உள்ள பூட்டி வெச்சிட்டு நகலைத்தான் வெளியே காட்டுவாங்க. அந்த நகல் செய்யறவருதான் இவரு. கூழு மாதிரி ஒரு ரப்பர்... சிலிக்கோன்னு சொல்லுவாங்க... அதைப் பழைய சாமான் மேல ஊத்தி ஒரு ராத்திரி விட்டா உறைஞ்சிரும். உரிச்சு எடுத்தா அச்சு ரெடி. அதுல பிளாஸ்டரை ஊத்தி, சாயம் போட்டா, பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

அந்த வேலையில முதல் பாடம் ஒண்ணு உண்டு. ஊத்தறதுக்கு முன்னாடி ஓட்டை, விரிசல் எது இருந்தாலும் களிமண் வெச்சு அடைக்கணும். இல்லாட்டி ரப்பர் உள்ள போய் மாட்டிக்கும், எடுக்கும்போது பழைய சாமான் உடைஞ்சிரும். சித்தப்பா அதுல எமகாதகன். ஆயுசுல ஒரு சாமான் மேல ஒரு கீறல் விட்டதில்ல.

அப்பேர்ப்பட்டவருகிட்ட ஒரு நாள் ஒரு பெட்டி வந்துச்சு. நாட்டை ஆளுற பெரியவர் வீட்டுல இருந்து, ஒரு அதிகாரியே மடியில வெச்சுக் கொண்டாந்தாரு. உள்ள பட்டுத் துணி. துணிக்குள்ள ஒரு காது.

கல்லுக் காதுங்க. கறுப்புக் கல்லு. உள்ளங்கை அகலம். நடுவுல சுண்டு விரல் போற அளவுக்கு ஓட்டை. பின்பக்கம் தட்டை, வழவழன்னு இருக்கும். எப்பவோ, எழுத்தே இல்லாத காலத்துல செஞ்சதாம். மியூசியத்தை நடத்துற மேடம் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களாம்... இந்த மண்ணை ஆண்டவன் எவனா இருந்தாலும் இது அவன் தலைமாட்டுல இருந்திருக்குன்னு. ஒருத்தனை விரட்டிட்டு இன்னொருத்தன் வந்தா, கஜானாவுக்கு அப்புறம்தான் போவானாம். முதல்ல படுக்கை அறைக்குத்தான் ஓடுவானாம். ஒரு ராஜா ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஆத்தங்கரையில படையைத் திருப்பிட்டான். இன்னொருத்தன் தன்னோட நெல்லுக் களஞ்சியத்துக்குத் தானே தீ வெச்சான். ஏன்னு கேட்டா எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான்.

"எனக்கே தோணுச்சு."

பெரியவர் அதை யாருக்கும் தொடக்கூடக் குடுக்க மாட்டாராம். அன்னைக்கு என்னமோ, ஒரு நகல் செஞ்சு மியூசியத்துல வைங்க, நாளைக்குச் சாயங்காலம் திருப்பிக் குடுத்தா போதும்னு அனுப்பி வெச்சிருக்காரு. அதிகாரி தயங்கிக்கிட்டே ஏங்கய்யான்னு கேட்டதுக்கு, அவரும் அதையேதான் சொன்னாராம்.

இப்ப சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். அவருக்கு ஒரே பையன். பட்டாளத்துல இருந்தான். பெரிய வீரன் எல்லாம் இல்ல, குடோன்ல சட்டை, பூட்ஸு எடுத்துக் குடுக்குற வேலை. அவனால எதையும் முடிவு பண்ண முடியாது. சட்டை வாங்கப் போனா கடைக்காரன் ஷட்டரை இறக்குற வரைக்கும் ரெண்டு சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பான். சித்திதான் கடைசியில ஒண்ணைப் பிடுங்கி பில்லு போடச் சொல்லுவாங்க. அந்தப் பையனை எல்லைக்கு அனுப்பிட்டாங்கன்னு, காது வந்த அதே மத்தியானம் போன் வந்துச்சு. மறுநாள் காலையில சண்டை, பெரியவர் ராத்திரி ரேடியோவுல அறிவிக்கப் போறாருன்னு ஊரே பேசுது.

சித்தப்பாவுக்குக் கை ஓடல, கால் ஓடல. ஒரு இடத்துல உக்கார முடியல. ரப்பரைக் கலக்குறாரு, ஜன்னல்கிட்ட போறாரு, திரும்பி வர்றாரு, மறுபடி கலக்குறாரு. ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. காதை மேஜையில வெச்சாரு, ஊத்தினாரு...

ஓட்டையை அடைக்கல.

ரப்பர் உள்ள போகுது. சரி, ரெண்டு சொட்டு போகும். போகுது... போய்க்கிட்டே இருக்கு. டப்பா காலி. பதட்டத்துல ரெண்டாவது டப்பாவை உடைச்சாரு. அதுவும் இறங்குது. கல்லோட கனம் ரெண்டு விரக்கடைதான்! தூக்கிப் பின்பக்கம் பாத்தாரு. ஈரம்கூட இல்ல. கடைசியில எங்கயோ போய் முட்டின மாதிரி ரப்பர் மேல வந்து நின்னுச்சு. ரூம் பூரா புளிச்ச காடி வாசனை.

அன்னைக்கு ராத்திரி ரேடியோவுல பெரியவர் பேசல. வீணையோ என்னமோ வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. விடிஞ்சும் பேசல. காலையில அதிகாரி மேடத்துக்குப் போன் பண்ணி, அந்தக் கல்லைச் சீக்கிரம் அனுப்புங்க, பெரியவர் ஒரு மாதிரியா இருக்காருன்னு சொன்னாராம். கட்டில் ஓரத்துல உக்காந்துக்கிட்டு, எந்தக் காலுக்கு முதல்ல செருப்பு போடறதுன்னு கேக்குறாராம். சிரிக்காதீங்க. நாட்டுல பாதிப் பேரு துப்பாக்கியோட அவரு வாயைப் பாத்து நின்னுக்கிட்டு இருக்காங்க.

சித்தப்பா அச்சை உரிச்சாரு. மேல் பக்கம் சுலபமா வந்துருச்சு. ஓட்டைக்குள்ள போன ரப்பரைத்தான் மெதுவா, உடையாம, இழுக்கணும். இழுத்தாரு. வருது. ஒரு முழம் வந்துச்சு. இன்னும் வருது... கோழிக் குடலு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மேஜை மேல விழுது. இதெல்லாம் எந்த இடத்துல இருந்துச்சுன்னு அவருக்கும் புரியல. கடைசியா சப்புனு ஒரு சத்தத்தோட நுனி வெளிய வந்துச்சு.

நுனியில ரெண்டு உதடு.

பதிஞ்சிருக்குங்க. அச்சு எடுக்கிறவருக்கு அச்சைப் பாத்தா தெரியாதா? மேலுதடு, கீழுதடு, நடுவுல கோடு, உதட்டு மேல இருக்குற சின்னச் சின்ன வெடிப்பு வரைக்கும் பதிஞ்சிருக்கு. அந்த ஓட்டையோட அடியில யாரோ வாயை வெச்சு அழுத்திக்கிட்டு இருந்திருக்காங்க. ராத்திரி பூரா.

அப்ப அது கேக்குற காது இல்ல. உள்ள இருந்து பேசுற சாமான்.

அவரு கையில அந்த ஓட்டையில இருந்து ஒரு மூச்சு பட்டுச்சு. வெதுவெதுன்னு. பழைய துணி வாசனை. ஒண்ணும் கேக்கலையாம், ஒரு வார்த்தைகூடக் காதுல விழலையாம். ஆனா அந்த நிமிஷமே மனசுல பளிச்சுனு ஒரு யோசனை. இந்தக் கல்லு திரும்பிப் போகலைன்னா பெரியவரால முடிவு எடுக்க முடியாது. முடிவு எடுக்கலைன்னா சண்டை இல்ல. சண்டை இல்லைன்னா பையன் வீட்டுக்கு வந்துருவான். நகலைக் குடுத்துட்டு நிஜத்தை எடுத்துக்க.

அது யாரோட யோசனைன்னு நீங்களே சொல்லுங்க. சித்தப்பா இன்னைக்கு வரைக்கும் எனக்கே தோணுச்சுன்னுதான் சொல்றாராம்.

உடனே ஓட்டையில களிமண்ணை வெச்சு அடைச்சாரு. பகல் பூரா உக்காந்து நகல் செஞ்சாரு. உள்ள ஈயம் வெச்சுக் கனம் சேத்தாரு, கறுப்புச் சாயம் அடிச்சாரு, மெழுகு தேய்ச்சாரு. சாயங்காலம் அதிகாரி அந்த பிளாஸ்டர் காதைப் பட்டுல சுத்தி மடியில வெச்சுக்கிட்டுப் போயிட்டாரு. ஆளுங்க எல்லாம் போற வரைக்கும் இருந்துட்டு, நிஜத்தைச் சாப்பாட்டுப் பைக்குள்ள போட்டுக்கிட்டு சித்தப்பா மொபெட்டை எடுத்தாரு. அதான் அந்த மில்லு ரோடு. அதான் அந்தப் பை.

வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை.

அந்தச் சத்தம் கேட்டதும் அவரு பையைக் கழட்டித் தண்டவாளத்துல வீசியிருக்கலாம்ல? நானும் சங்கைக் கேட்டேன். வீசத்தான் போனாராம். தண்டவாளம் வரைக்கும் போயி, ஜல்லிக்கல்லு ஒண்ணைக் கையில எடுத்து, காதைத் தண்டவாளத்து மேல வெச்சு, கையை ஓங்கிட்டாராம். இறக்க வரலை. ஆயுசு பூரா பழைய சாமான்ல நகம் படாம பாத்த கை அது. இவ்வளவு காலம் தாங்கி வந்த ஒரு பொருளை உடைக்கிறதான்னு அந்தக் கை யோசிச்சிருக்கு. நீங்களோ நானோ இருந்தா ஒரே போடு. அவரு துடைச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாரு. எனக்கு அந்த மனுஷன் மேல கோவம் வர்றது இந்த ஒரு இடத்துலதான்.

வீட்டுக்கு வந்து பையனோட ரூம்ல, அவன் அலமாரியில, பழைய ஸ்வெட்டருக்குள்ள சுருட்டி வெச்சாரு. சித்திகிட்ட ஒண்ணும் சொல்லல.

சண்டை வரலைங்க. பெரியவர் பிளாஸ்டர் காதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு, அதுவும் இல்ல இதுவும் இல்லன்னு நாளைத் தள்ளிக்கிட்டே இருந்தாரு. எல்லையில நின்னவங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பையன் வந்துட்டான். இளைச்சுக் கறுத்து வாசல்ல நின்னுக்கிட்டு, செருப்பை உள்ள விடறதா வெளிய விடறதான்னு யோசிச்சானாம். சித்தி அவன் தலையைத் தடவித் தடவிப் பாத்தாங்க. சித்தப்பா கொல்லைப்பக்கம் போயி, வாயில துண்டை வெச்சுக்கிட்டு அழுதாரு. சந்தோஷம். சங்கு அங்கதான் இருந்தான், அவனே பாத்தான்.

அன்னைக்கு ராத்திரி பையன் அவன் ரூம்லதான் படுத்தான். வேற எங்க படுப்பான்?

சித்தப்பாவுக்குத் தூக்கம் வரல. எழுந்துக்குறாரு, படுக்குறாரு, தண்ணி குடிக்கிறாரு. அவன் அசந்த அப்புறம் எடுத்துரலாம்னு கடைசியில கதவை மெதுவா தள்ளினாரு. அலமாரிக் கதவு திறந்திருக்கு. தரையில காலு வெச்சா நறநறன்னு ஏதோ மிதிபடுது. டார்ச் அடிச்சுப் பாத்தாரு. களிமண்ணுத் தூளு. களிமண்ணு காய்ஞ்சா சுருங்கும்ல. சுருங்கி, உதிர்ந்து, கொட்டியிருக்கு. அச்சு எடுக்கிறவன் எவனுக்கும் இது தெரியும், அதனாலதான் நாள்பட இருக்கணும்னா மெழுகு வெச்சு அடைப்பாங்க. அன்னைக்கு இருந்த பதட்டத்துல அவருக்கு அது தோணவே இல்ல.

ஸ்வெட்டர் காலியா கிடந்துச்சு. பையன் ஒருக்களிச்சுப் படுத்திருக்கான். தலையணைக்குப் பதிலா கல்லு. அவன் காதும் கல்லுக் காதும் ஒண்ணு மேல ஒண்ணு. தூக்கத்துலயே தலையை ஆட்டுறான்... சரி... சரி... சரி.

உருவினா முழிச்சுக்குவான்னு சித்தப்பா அப்போ கல்லைத் தொடல. காலையில எழுந்து வந்தவன், காபி வேணாம், பால் குடுன்னு சொன்னானாம். பட்டுனு. சித்தி அசந்து போயிட்டாங்க. பிள்ளைக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குன்னு பக்கத்து வீட்டுல போய்ப் பெருமை பேசினாங்க. மத்தியானம் பெட்டியைக் கட்டிட்டான். லீவு முடியல, யாரும் கூப்பிடல. பட்டாளத்துக்கே திரும்பிப் போறேன்னான்.

"ஏண்டா?"ன்னு சித்தப்பா கேட்டாரு.

"எனக்கே தோணுச்சுப்பா."

பெட்டியைத் தூக்க முடியாம தூக்கிக்கிட்டுப் போனான். ஸ்வெட்டரும் போச்சு, கல்லும் போச்சு.

அதுக்கப்புறம் நடந்தது கடகடன்னு நடந்துச்சு. குடோன்ல இருந்தவன் ஆபீஸருக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சான். சொன்னது பலிச்சுச்சு. ஆபீஸரு பெரிய ஆபீஸரைக் கூட்டிட்டு வந்தாரு. அந்த வருஷம் மழை முடியறதுக்குள்ள, ஒரு நாள் விடிகாலையில தெருவுல டாங்கி சத்தம். ரேடியோவைப் போட்டா பெரியவர் போயிட்டாராம், இனிமே நான்தான்னு ஒருத்தரு பேசுறாரு. சித்தி கையில இருந்த டம்ளரு அப்படியே நிக்குது. குரல் அவங்க பிள்ளையோட குரல்தான்... பேச்சு அவனோடது இல்ல. ஒரு இடத்துலகூட அவன் யோசிக்கல.

ஒரு வாரத்துல சண்டையை அவனே ஆரம்பிச்சான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சு. இப்ப இல்ல.

அப்பத்தான் சித்தப்பா சித்திகிட்ட எல்லாத்தையும் கொட்டினாரு. அந்த உதடு பதிஞ்ச ரப்பரை எடுத்துக் காட்டினாரு. சித்தி கத்தல, திட்டல. வீட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்தாங்க. ரொம்ப நேரம் நடந்தாங்க. பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க... நின்னு, ஒண்ணு கேட்டாங்க.

"வாயி இருக்கட்டும். காதுன்னு ஒண்ணு செஞ்சிருக்கான்ல? அப்ப கேக்கவும் கேக்கும்ல? நான் போய் சொல்றேன்."

போனாங்க. ஆளுறவரோட அம்மா, யாரு தடுப்பா? அவன் நல்லாத்தான் பேசினானாம், அம்மா கையால ரெண்டு வாய் சாப்பிட்டானாம், அப்படியே படுத்துட்டானாம். தலைமாட்டுல கல்லு. அவன் புரண்டு படுக்குற நேரம் பாத்து, சித்தி குனிஞ்சு, அந்த ஓட்டைகிட்ட வாயை வெச்சு, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. "கண்ணு... போதும்டா. வீட்டுக்கு வந்துருடா." திருப்பித் திருப்பி அதையே சொன்னாங்க. தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னாங்க. உள்ள ஒரு சத்தமும் இல்லையாம். யாரோ ரொம்ப கவனமா கேக்குற மாதிரி இருந்துச்சாம்.

தெம்பாத்தான் திரும்பி வந்தாங்க. அது கேட்டுக்கிச்சுங்க, வந்துருவான்னு சித்தப்பாகிட்ட சொன்னாங்க. அவன் ரூமைக் கூட்டித் துடைச்சு, போர்வை மாத்தினாங்க.

மறுநாள் ரெண்டாவது ஊரும் போச்சுன்னு நியூஸ்.

அன்னைக்கு சாயங்காலம் போன் அடிச்சுச்சு. சித்திதான் எடுத்தாங்க. சங்கு பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தான், ரிசீவர்ல வர்றது அவனுக்கும் நல்லா கேட்டுச்சாம்.

"எப்ப கண்ணு வர்றே?"ன்னாங்க சித்தி.

அந்தப் பக்கம் பையன் சிரிக்கிறான்.

"என்னம்மா நீ? நீதானே வராதேன்னு சொன்னே. ராத்திரி பூரா காதுகிட்டயே உக்காந்து சொன்னியே... இன்னும் ஒரு ஊருடா கண்ணு, இன்னும் ஒரே ஒரு ஊருன்னு."

சித்தி ரிசீவரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. அப்பத்தான் சங்குக்குக் கேட்டுச்சாம்... போன்ல, பையனுக்குப் பின்னால, அதே ரூமுக்குள்ள இருந்து, சித்தியோட குரல். தொண்டை கட்டின குரல்.

"யாருகிட்டடா பேசிட்டு இருக்கே?"